கிழக்குச் சுவர்

சாக்கட்டியால் கோடு போட்டாயிற்று.
நீளம் ஐந்து மீட்டர், அகலம் மூன்றரை.
சாட்ஸ்வொர்த் மேட்டில்
எங்கள் பாதி வீட்டின் பின்புறம்,
இதுவரை துணிக்கொடியும் குப்பைத் தொட்டியும்
குரங்குகள் துப்பிய லிச்சித் தோலும்
ஆண்ட இடம்.

சிவநேசனுக்கு நெருப்பு மூலை வேண்டும்,
சனிக்கிழமை இறைச்சி சுட.
மகன் பிரனோலன், கார் நிற்குமா என்கிறான்.
கார் இன்னும் வாங்கவில்லை.
எனக்கு ஒரு நாற்காலி போதும்.
இரவுப் பணி முடிந்து ஏழரைக்கு வந்து,
காலணியை உதறிவிட்டு,
"சிஸ்டர்" என்று யாரும் கூப்பிடாத நிழலில்
அரைமணி நேரம்.

படம் வரைய வந்தவர் பெயர் முதுன்சி.
ஸூலுவில் நிழல் என்று அர்த்தமாம்.
நிழலே வந்து நிழலுக்கு அளவெடுக்கிறது என்றேன்.
சிரித்தார்,
டேப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

தகரமா, பாலிகார்பனேட்டா?
தகரம் மழையில் பேசும், மற்றது வெயிலில் மஞ்சளாகும்.
பேசட்டும் என்றேன்.
மூன்றாவது தூண் வரவேண்டிய இடத்தில்
கறிவேப்பிலை மரம்.
தூண் நகர்ந்தது.

பிறகு அவர் பென்சில் நின்றது.
"கிழக்கே இந்தச் சுவர் எதற்கு?"
"காற்றுக்கு" என்றார் சிவநேசன்.
"மழைக்காற்று தென்மேற்கிலிருந்தல்லவா வருகிறது?
அதை உங்கள் வீடே தடுத்துவிடுகிறதே."
நாங்கள் இருவரும்
கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிழக்கே திலகவதி கோவெண்டர்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர்,
நான்கு வருடமாகப் பேச்சில்லை.
குழாய் கசிந்தது யார் பக்கம் என்று தொடங்கியது.
கசிவு எப்போதோ நின்றுவிட்டது.

எல்லையை ஒட்டிக் கட்டினால்
பக்கத்து வீட்டுக் கையெழுத்து வேண்டும்,
நகராட்சித் தாளில், கீழே, புள்ளிக் கோட்டில்.
சிவநேசனுக்கு அன்றைக்கென்று முதுகு வலி.
நான் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் கால் தடுமாறியது:
கண்ணாடியில் பார்த்த என் வீடு.
கதவு இடமாற்றி, ஜன்னல் இடமாற்றி,
என் அடுப்புக்கு நேர் மறுபுறம் அவள் அடுப்பு.
முதுகோடு முதுகாக
நான்கு வருடம் தாளித்திருக்கிறோம்.
"உன் கடுகு வெடிக்கிற நேரத்தை வைத்தே
எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடுவேன்" என்றாள்.

வரைபடத்தை அவள் விரிக்கவில்லை.
மேசையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.
"ஜூன் மாதம் மூன்று மணி வெயில்
வடமேற்கே தணிந்து, உன் கொல்லையைத் தாண்டி
இங்கே வரும். இருபது நிமிஷம்.
அதில் கையை வைத்துக்கொள்வேன்."
விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்காய்ப் புடைத்திருந்தன.
வார்டில் என்றால் நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன்.
தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு சமையலறை விளக்கில்
ரப்பரால் சுவரை அழித்தேன்.
அழித்த இடம் வெளுக்கவில்லை, அழுக்காகத்தான் இருந்தது.
சிவநேசன் எட்டிப் பார்த்தார்.
"நானூறு செங்கல் மிச்சம்" என்றார்,
அவ்வளவுதான்.

ஞாயிறன்று அவள் வந்து கையெழுத்துப் போட்டாள்.
எங்கள் பேனா எழுதவில்லை;
போய்த் தன் பேனாவை எடுத்து வந்தாள்.
வந்தவளை உட்காரச் சொன்னோம்.
சாக்கட்டிக் கோட்டுக்குள் நான்கு நாற்காலி,
கூரை இருக்கப்போவதாக வைத்துக்கொண்டு.
தேநீர் பாதியில் மழை பிடித்துக்கொண்டது.
எல்லோரும் ஓடினார்கள்.

நான் மட்டும் கதவோரம் நின்று
தண்ணீர் எங்கே போகிறதென்று பார்த்தேன்.
கோடுகளைக் கரைத்துக்கொண்டு
வெள்ளையாய், நேராய்,
அவள் பக்கம் ஓடியது.

பென்சிலைத் தேடி எடுத்து
கூரையின் சரிவில் ஓர் அம்புக்குறி போட்டேன்,
மேற்கு நோக்கி.
கார் நிற்க இடமிருக்காது.